வளர்ப்புப் பாம்புக் கூண்டு

வளர்ப்புப் பாம்புக் கூண்டு என்பது மனிதரின் பராமரிப்பில் உள்ள பாம்பு தன் வாழ்நாளைக் கழிப்பதற்காக அமைக்கப்படும் மூடிய வாழிடம் ஆகும். கூண்டு என்று வழங்கப்பட்டாலும் இது பெரும்பாலும் கம்பிகளால் ஆனதன்று. கண்ணாடி, மரப்பலகை, நெகிழி ஆகியவற்றுள் ஒன்றால் செய்யப்பட்ட பெட்டியாகவே இருக்கும். பாம்பு ஒரு புறவெப்ப விலங்கு. அடைகாக்கும் காலத்தில் தசைகளை நடுங்கச் செய்து முட்டைகளுக்கு வெப்பமூட்டும் சில பெண் மலைப்பாம்புகளைத் தவிர, பாம்புகள் தம் உடலுக்குத் தேவையான வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறுகின்றன. எனவே வெப்பம், ஈரப்பதம், ஒளி, மறைவு ஆகிய அனைத்தையும் வளர்ப்புப் பாம்புக்குக் கூண்டே வழங்க வேண்டியுள்ளது. வளர்ப்புப் பாம்புகளிடம் காணப்படும் மூச்சுத்தொற்று, தோல் புண், தீக்காயம், சட்டை சரியாக உரியாமை போன்ற கோளாறுகளுட் பல கூண்டின் குறைபாட்டால் விளைபவை.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பாம்பு வளர்ப்பு பரவலாக உள்ளது. சோளப் பாம்பு, பந்து மலைப்பாம்பு, கலிபோர்னிய அரசப்பாம்பு, போவா ஆகியவை அங்கு மிகுதியாக வளர்க்கப்படும் இனங்கள். இந்தியாவில் நிலைமை வேறு. அது இக்கட்டுரையின் சட்டநிலை என்னும் பகுதியில் விளக்கப்பட்டுள்ளது.

பாம்பின் இயல்பும் கூண்டும்

இயற்கையில் பாம்பு தன் தேவைகளை இடம்பெயர்வதன் மூலம் நிறைவேற்றிக் கொள்கிறது. உடல் குளிர்ந்தால் வெயில் படும் இடத்துக்கும், சூடேறினால் நிழலுக்கும், சட்டை உரிக்கும் காலத்தில் ஈரமான பொந்துக்கும், அச்சமுற்றால் இடுக்குக்கும் செல்கிறது. இரை செரிப்பதற்கு உடல் போதிய வெப்பத்துடன் இருத்தல் வேண்டும். இரை உண்டபின் குளிரில் இருக்க நேரும் பாம்பு விழுங்கியதைக் கக்கிவிடுவதுண்டு.

கூண்டில் உள்ள பாம்பால் வேறிடம் தேடிச் செல்ல இயலாது. ஆகவே அது தேடக்கூடிய இடங்கள் அனைத்தும் கூண்டுக்குள்ளேயே இருத்தல் வேண்டும். கூண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், அவ்வெப்பநிலை எவ்வளவு சரியானதாயினும், பாம்பால் தன் உடல்நிலைக்கேற்ப இடம் மாற முடியாது. நல்ல கூண்டு என்பது பாம்பை அடைத்து வைக்கும் பெட்டி மட்டுமன்று. பாம்பு தானே தெரிவு செய்துகொள்ளக்கூடிய பல இடங்களின் தொகுப்பு ஆகும்.

நாயோ பூனையோ போலப் பாம்பு குரலெழுப்பித் தன் துன்பத்தைத் தெரிவிப்பதில்லை. அதன் நடத்தையைக் கவனித்தே கூண்டின் குறையை அறிய முடியும். பின்வருவன பொதுவாகக் கவனிக்கப்படும் அறிகுறிகள்:

* மூக்கைக் கண்ணாடியிலோ கம்பி வலையிலோ மீண்டும் மீண்டும் தேய்த்தல்: வெளியேறும் முயற்சி, மறைவிடப் பற்றாக்குறை அல்லது இடநெருக்கடி.
* நீர்க்கிண்ணத்திலேயே நெடுநேரம் கிடத்தல்: மிகை வெப்பம், வறட்சி அல்லது சிற்றுண்ணித் தொல்லை.
* எப்போதும் வெப்பமுனையிலேயே கிடத்தல்: கூண்டின் பிற பகுதிகள் மிகக் குளிர்ந்திருத்தல், அல்லது மறுமுனையில் மறைவிடம் இல்லாமை.
* சட்டை துண்டு துண்டாக உரிதல்: காற்றில் ஈரம் போதாமை.

சோளப் பாம்பு 15 முதல் 20 ஆண்டுகளும் பந்து மலைப்பாம்பு 20 முதல் 30 ஆண்டுகளும் வாழக்கூடியவை. ஐக்கிய அமெரிக்காவின் செயிண்ட் லூயி விலங்கியல் பூங்காவில் 1961 முதல் இருந்துவந்த பந்து மலைப்பாம்பு ஒன்று 2020ஆம் ஆண்டில் ஏழு முட்டைகளை இட்டது. குட்டியாக வாங்கப்படும் பாம்பு பல பத்தாண்டுகள் வாழக்கூடும் என்பதையும், அக்காலம் முழுவதும் அது கூண்டையே சார்ந்திருக்கும் என்பதையும் இது காட்டுகிறது.

வரலாறு

இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் நத்தானியேல் வார்டு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செடிகளை வளர்ப்பதற்கென மூடிய கண்ணாடிப் பெட்டிகளை உருவாக்கினார். வார்டின் பெட்டி என்று பெயர்பெற்ற இவை, பின்னாளில் செடிகளையும் சிறு விலங்குகளையும் வைத்து வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளுக்கு முன்னோடியாக அமைந்தன.

1849இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் உலகின் முதல் ஊர்வன இல்லம் திறக்கப்பட்டது. குளிர்நாடு ஒன்றில் வெப்பநாட்டுப் பாம்புகளை உயிருடன் வைத்திருப்பது அக்காலத்தில் பெருஞ்சிக்கலாக இருந்தது. ஊர்வனவியலாளர் சோன் புரோக்டர் வடிவமைத்த புதிய ஊர்வன இல்லம் 1927இல் அங்கு திறக்கப்பட்டபோது, இச்சிக்கலுக்குப் புதுவகைத் தீர்வுகள் கையாளப்பட்டன. கட்டடம் முழுவதையும் ஒரே சீராகச் சூடேற்றுவதற்கு மாறாக, கூண்டுகள் மின்சாரத்தால் இடத்துக்கிடம் வேறுபட்ட அளவில் சூடேற்றப்பட்டன. புற ஊதாக் கதிர்களை உள்ளே விடும் தனிவகைக் கண்ணாடியும் பயன்படுத்தப்பட்டது. இன்று வீட்டுக் கூண்டுகளில் பின்பற்றப்படும் வெப்பச்சாய்வு, புற ஊதா ஒளி ஆகிய இரு கருத்துகளையும் இக்கட்டடத்தில் காணலாம்.

தமிழ்நாட்டில் பாம்பை நெடுங்காலம் வைத்து வளர்க்கும் கூண்டுகளை விட, குறுகிய காலம் வைத்திருக்கும் கலங்களே வழக்கில் இருந்தன. பாம்பாட்டிகளின் மூடியுள்ள வட்டக் கூடை, எடுத்துச் செல்வதற்கான கலமேயன்றி வாழிடம் அன்று. 1978இல் அமைக்கப்பட்டு, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், நஞ்செடுப்பதற்காகப் பிடிக்கப்படும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானைகளில் வைத்திருக்கிறது. பானையின் வாய் துணியால் மூடிக் கட்டப்படும். மட்பாண்டம் உட்புறத்தைக் குளிர்ச்சியாகவும் இருளாகவும் வைத்திருக்கும். துணி காற்றை விடும். எனினும் இப்பாம்புகள் சில வாரங்களுக்குப் பின் மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. சில வாரங்களுக்குப் போதுமானதாக இருக்கும் கலம் பல ஆண்டுகளுக்குப் போதுமானதன்று.

அளவு

கூண்டின் அளவே பாம்பு வளர்ப்பில் மிகுதியாக விவாதிக்கப்படுவது. பழைய கையேடுகள் பலவற்றில் ஒரு விதி காணப்படுகிறது: கூண்டின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் வரும் அளவு பாம்பின் நீளத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பது அவ்விதி. பாம்பு பெரும்பாலும் சுருண்டே கிடப்பதால் அதற்கு மிகுந்த இடம் தேவையில்லை என்ற கருத்து இதற்கு அடிப்படை.

இவ்விதியின் குறையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி பரவலாக விற்கப்படும் அளவு. இதன் நீளமும் அகலமும் சேர்ந்து 135 செ.மீ. எனவே பழைய விதிப்படி 130 செ.மீ. நீளமுள்ள சோளப் பாம்புக்கு இது போதும். ஆனால் இத்தொட்டித் தரையின் மூலைவிட்டம் ஏறத்தாழ 101 செ.மீ. மட்டுமே. தரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்ப்புற மேல்மூலை வரை அளந்தாலும் ஏறத்தாழ 110 செ.மீ. மட்டுமே. அப்பாம்பு இத்தொட்டியின் எந்தத் திசையிலும் தன் உடலை முழுமையாக நீட்ட இயலாது.

பாம்புகள் உடலை நீட்டிக் கிடப்பது அரிதன்று என்பது ஆய்வுகளால் தெரியவந்துள்ளது. 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில் 65 பாம்புகள் ஒரு மணி நேரம் கவனிக்கப்பட்டன. அவற்றுள் 24 பாம்புகள் அந்நேரத்துக்குள்ளேயே உடலை நேராகவோ ஏறத்தாழ நேராகவோ நீட்டின. சோளப் பாம்புகளைக் கொண்டு இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய கூண்டிலிருந்த பாம்புகள் கூடுதலாக இயங்கின என்றும், தெரிவு தரப்பட்டபோது பெரிய கூண்டையே நாடின என்றும் கண்டறியப்பட்டது. உடலை நீட்டுதல் தசைகளுக்கும் செரிமானத்துக்கும் உதவும் என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகின்றனர்.

செருமனியில் 1997இல் வெளியிடப்பட்ட ஊர்வன வளர்ப்புக்கான குறைந்தபட்சத் தேவைகள் குறித்த வல்லுநர் அறிக்கை, கூண்டின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைப் பாம்பின் உடல்நீளத்தின் மடங்குகளாகக் குறிப்பிட்டது. இம்முறையில் பாம்பு வளருமிடத்துக் கூண்டும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும் என்பது தெளிவாகிறது. தற்போது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் நடைமுறை விதி, கூண்டின் நீளம் பாம்பின் முழுநீளத்துக்குக் குறையாமலும், அகலம் அந்நீளத்தில் பாதியளவாவதும் இருக்க வேண்டும் என்பதாகும். இதன்படி 120 செ.மீ. பாம்புக்கு 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட கூண்டு தேவை.

குட்டிப் பாம்பைப் பெரிய கூண்டில் விட்டால் அது அஞ்சி உணவு கொள்ளாது என்பது வளர்ப்போரிடையே நிலவும் கருத்து. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் குட்டியை அச்சுறுத்துவது இடத்தின் அளவைவிட அதன் வெறுமையே. பாம்பு இரைதேடும் விலங்காக இருப்பினும், குட்டியாக உள்ளபோது பறவைகளுக்கும் பிற விலங்குகளுக்கும் தானே இரையாகிறது. அதனால் திறந்த வெளியை அது தவிர்க்கிறது. கிளைகள், இலைகள், மறைவிடங்கள் ஆகியவற்றால் நிரப்பப்பட்ட பெரிய கூண்டில் குட்டிகளும் நன்கு வாழ்கின்றன.

இனத்துக்கேற்ற வடிவம்

அளவு மட்டுமன்றி, கூண்டின் வடிவமும் இனத்தின் வாழ்முறையைப் பொறுத்தது.

* சோளப் பாம்பு: ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, வளர்ந்த பாம்பு பொதுவாக 90 முதல் 150 செ.மீ. நீளமுடையது. தரையிலும் மரங்களிலும் திரிவது. நீளமும் உயரமும் உள்ள, ஏறுவதற்குக் கிளைகள் வைக்கப்பட்ட கூண்டு பொருந்தும்.
* பந்து மலைப்பாம்பு: மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அச்சமுற்றால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருள்வதால் இப்பெயர் பெற்றது. பிரித்தானியாவில் அரச மலைப்பாம்பு எனப்படும். பகலில் வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் மறைந்திருப்பதால் இறுக்கமான மறைவிடங்கள் இன்றியமையாதவை. தரைவாழ் பாம்பாகவே இது கருதப்பட்டு வந்தது. ஆனால் தென்கிழக்கு நைசீரியக் காடுகளில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு, ஆண் பாம்புகள் மரங்களில் ஏறிப் பறவைகளையும் உண்பதைக் காட்டியது. எனவே இதற்கும் சிறிது உயரமும் வலுவான கிளையும் பயன்படும்.
* கென்ய மண்ணுளிப் பாம்பு: மண்ணுக்குள் புதைந்து வாழ்வது. உயரத்தைவிடத் தரைப்பரப்பும், உடல் மறையும் ஆழத்துக்குத் தளர்வான தரைப்பொருளும் தேவை.
* பச்சை மர மலைப்பாம்பு: நியூ கினியிலும் அதை அடுத்த பகுதிகளிலும் காணப்படும் மரவாழ் பாம்பு. கிடைக்கிளைகளில் மடிப்பு மடிப்பாகத் தொங்கிக் கிடக்கும். உயரமான கூண்டும், பருமனில் வேறுபட்ட கிடைக்கிளைகளும், மிகுந்த ஈரப்பதமும் தேவை.

பாம்புகளைத் தனித்தனியே வைப்பதே வழமை. அரசப்பாம்புகள் பிற பாம்புகளை உண்பவை. தம் இனத்தையும் விட்டு வைப்பதில்லை. பிற இனங்களிலும் இரண்டு பாம்புகள் ஒரே இரையைக் கவ்வி, ஒன்று மற்றொன்றை விழுங்க முற்படும் இடர் உண்டு.

கூண்டு செய்யப்படும் பொருள்கள்

கண்ணாடி

பாம்பைத் தெளிவாகக் காணவும் எளிதில் துடைத்துத் தூய்மை செய்யவும் கண்ணாடி ஏற்றது. ஆயினும் அது வெப்பத்தை விரைவில் இழக்கும், எடையும் மிகுதி. 5 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12.5 கிலோ எடையுள்ளது. இக்கணக்கின்படி 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி, மேல்மூடி இன்றியே 36 கிலோ எடையிருக்கும். மீன் தொட்டிகளைப் பாம்புக்குப் பயன்படுத்துவோர் உள்ளனர். அவற்றின் மேற்புறம் முழுவதும் வலையால் மூடப்படுவதால் வெப்பமும் ஈரமும் மேலே வெளியேறிவிடும். மேலிருந்து கை நீட்டும்போது பாம்பு அதைக் கொன்றுண்ணும் பறவையாகக் கருதி அஞ்சுவதும் உண்டு. இக்காரணங்களால் முன்புறம் திறக்கும் கூண்டுகளே விரும்பப்படுகின்றன. நான்கு புறமும் கண்ணாடியாக இருப்பின் மூன்று புறங்களைத் தாளாலோ பலகையாலோ மறைப்பது பாம்புக்கு அமைதி தரும்.

மரம்

மரப்பலகை வெப்பத்தை நன்கு காக்கும்; விலையும் குறைவு. முன்புறத்தில் பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவுகள் பொருத்தப்படும். ஈரம் பட்டால் பலகை உப்பிச் சிதையும் என்பது இதன் குறை. பலகை சேருமிடங்களை நீர் புகாதவாறு அடைக்க வேண்டும். அவ்விடுக்குகளில் பாம்புச் சிற்றுண்ணிகள் தங்கி முட்டையிடுவதால், அவை தொற்றிய மரக்கூண்டைத் தூய்மை செய்வது கடினம்.

நெகிழி

பி.வி.சி. பலகைகளால் ஆன கூண்டுகள் எடை குறைந்தவை, ஈரத்தால் சிதையாதவை, வெப்பத்தையும் காப்பவை. விலை மிகுதி. துளையிடப்பட்ட நெகிழிப் பெட்டிகள், புதிதாக வந்த பாம்பைத் தனிமைப்படுத்தி நோய் உள்ளதா எனப் பார்க்கவும், நோயுற்ற பாம்பைப் பராமரிக்கவும் தற்காலிகமாகப் பயன்படுகின்றன.

கம்பி வலை

முழுவதும் கம்பி வலையால் ஆன கூண்டு பாம்புக்கு உகந்ததன்று. வெப்பமும் ஈரமும் அதில் நிற்பதில்லை. மூக்கை வலையில் தேய்ப்பதால் புண் உண்டாகிறது. சிறு பாம்புகள் கண்ணிகளில் சிக்கிக் கொள்ளவும் கூடும்.

வெப்பம்

கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்குமாறு அமைப்பது வெப்பச்சாய்வு எனப்படும். சோளப் பாம்புக்கு வெப்பமுனை 28 முதல் 30 °செ ஆகவும் குளிர்முனை 20 முதல் 24 °செ ஆகவும் இருப்பது வழமை. பந்து மலைப்பாம்புக்கு முறையே 30 முதல் 33 °செ, 24 முதல் 27 °செ ஆகும். கூண்டு சிறியதாயின் இரு முனைகளும் அருகருகே அமைவதால் இவ்வேறுபாட்டை உண்டாக்குவது கடினமாகிறது. கூண்டு நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்ப விளக்கு, பீங்கான் வெப்பமூட்டி, வெப்பத் தகடு, வெப்ப விரிப்பு ஆகியன வெப்பமூட்டப் பயன்படுகின்றன. எக்கருவியாயினும் அதை வெப்பநிலைக் கட்டுப்படுத்தியுடன் இணைப்பது இன்றியமையாதது. கட்டுப்படுத்தி இல்லாத வெப்ப விரிப்பும், மின்சாரத்தால் சூடேறும் செயற்கைக் கல்லும் பாம்பின் வயிற்றுப்புறத்தைச் சுட்டுவிடும். பாம்பு சுடும் பொருளிலிருந்து உடனே விலகிக் கொள்ளும் என்று எதிர்பார்க்க இயலாது. தோல் வெந்த பின்னும் அதன்மேல் கிடக்கும் பாம்புகளைக் கால்நடை மருத்துவர்கள் கண்டுள்ளனர். கூண்டுக்குள் உள்ள விளக்குகளைக் கம்பிக் காப்பால் மூட வேண்டும். இரு முனைகளிலும் தனித்தனி வெப்பமானி வைத்து அளப்பதே சரியான முறை.

ஒளி

பாம்பின் கண்ணை அசைவற்ற ஒளிபுகும் செதில் ஒன்று மூடியிருக்கிறது. இமைகள் இல்லாமையால் அது ஒளியைத் தவிர்க்கக் கண்ணை மூட முடியாது. ஆகவே இரவில் கூண்டு இருளாக இருக்க வேண்டும். இரவு வெப்பத்துக்கு ஒளி தராத கருவிகளைப் பயன்படுத்த வேண்டும்.

பாம்புகளுக்குப் புற ஊதா ஒளி தேவையில்லை என நெடுங்காலம் கருதப்பட்டது. முழு இரையை உண்பதால் அவற்றுக்கு உயிர்ச்சத்து டி உணவிலிருந்தே கிடைத்துவிடுகிறது. 2008இல் வெளியான ஆய்வு, புற ஊதா ஒளி பெற்ற சோளப் பாம்புகளின் குருதியில் உயிர்ச்சத்து டி3 சார்ந்த பொருளின் அளவு உயர்ந்ததைக் காட்டியது. 2013இல் பந்து மலைப்பாம்புகளில் செய்யப்பட்ட ஆய்வில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. இன்று பல வழிகாட்டிகள் குறைந்த அளவு புற ஊதா ஒளியையும், அதிலிருந்து விலகி மறைய நிழலையும் ஒருங்கே வழங்குமாறு பரிந்துரைக்கின்றன. சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், சன்னல் வழியே விழும் வெயில் இதற்கு மாற்றாகாது. நேரடி வெயில் படும் கண்ணாடிக் கூண்டு சிறிது நேரத்திலேயே அளவுமீறிச் சூடேறிப் பாம்பைக் கொன்றுவிடக்கூடும்.

ஈரப்பதமும் காற்றோட்டமும்

ஈரப்பதத் தேவை இனத்துக்கு இனம் வேறுபடும். சோளப் பாம்புக்கு 40 முதல் 60 விழுக்காடு போதுமானது. பந்து மலைப்பாம்புக்கு 50 விழுக்காட்டுக்கு மேல் தேவை. ஈரம் குறைந்தால் சட்டை முழுதாக உரியாது. கண்ணை மூடிய செதிலின் பழைய படலமும் வால்நுனித் தோலும் ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்தால் வயிற்றுச் செதில்களில் புண்ணும் மூச்சுத்தொற்றும் உண்டாகும். எனவே கூண்டு முழுவதையும் நனைப்பதைவிட, ஈரப்பாசி இட்ட மறைவிடம் ஒன்றை வைப்பது நல்ல முறை. சட்டை உரிக்கும் காலத்தில் பாம்பு தானே அதனுள் சென்று தங்கும். கூண்டின் ஒருபுறம் தாழ்வாகவும் எதிர்ப்புறம் உயரமாகவும் துளைகள் அமைத்தால் காற்று சீராக உலவும்.

தரைப்பொருளும் மறைவிடங்களும்

கூண்டின் தரையில் இடப்படும் பொருள் கழிவை உறிஞ்சுவதாகவும், நஞ்சற்றதாகவும், தூசி குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். செய்தித்தாள் மலிவானது, மாற்றுவது எளிது, ஆனால் பாம்பால் அதில் புதைய முடியாது. ஆஸ்பென் மரச்சீவல் வறண்ட கூண்டுகளுக்கு ஏற்றது. ஈரக் கூண்டுகளுக்குத் தென்னை நார்க்கழிவு பயன்படுகிறது. கயிறு திரிக்க நார் எடுத்தபின் எஞ்சும் இப்பொருள், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டிகளாக அழுத்தப்பட்டு ஏற்றுமதியாகிறது; நீர் ஊற்றினால் உதிர்ந்து பல மடங்கு பெருகும். சீடர் மரச்சீவலில் உள்ள மணமுள்ள எண்ணெய்கள் பாம்பின் மூச்சுறுப்புகளைத் தாக்குவதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

குறைந்தது இரண்டு மறைவிடங்கள் தேவை: ஒன்று வெப்பமுனையில், மற்றொன்று குளிர்முனையில். ஒரே மறைவிடம் இருந்தால் பாம்பு பாதுகாப்புக்கும் சரியான வெப்பத்துக்கும் இடையே ஒன்றை இழக்க நேரிடும். சுருண்ட உடலின் எல்லாப் பக்கங்களும் சுவரைத் தொடும் அளவுக்கு மறைவிடம் நெருக்கமாக இருப்பதையே பாம்புகள் விரும்புகின்றன. பாம்பு புரளாதபடி கனமான நீர்க்கிண்ணம், சொரசொரப்பான கிளை, சட்டையை உரசி உரிக்க உதவும் கல் ஆகியனவும் வைக்கப்படும். கற்கள் தரைப்பொருளின் மீதன்றிக் கூண்டின் அடித்தளத்தின் மீதே நிறுத்தப்பட வேண்டும். இல்லையேல் பாம்பு அடியில் தோண்டும்போது சரிந்து நசுக்கிவிடும்.

பாதுகாப்பு

தலை நுழையும் இடைவெளி எதுவாயினும் பாம்பு அதன் வழியே வெளியேற முயலும். மேல்மூடியின் மேல் கனமான பொருளை வைப்பது போதாது; பூட்டோ கொக்கியோ தேவை. நகரும் கண்ணாடிக் கதவுகளின் நடுவேயுள்ள இடைவெளி, மின்கம்பிகள் நுழையும் துளை, காற்றுத்துளை ஆகியவை கவனிக்கத் தக்கவை. குட்டிகள் பென்சில் பருமனேயுள்ள துளையிலும் நுழைந்துவிடும்.

கூண்டின் குறைபாடு மனித உயிருக்கும் கேடு விளைத்துள்ளது. 2013ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்திலுள்ள கேம்பெல்டன் நகரில், குடியிருப்பு ஒன்றில் வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு காற்றுக்குழாய் வழியாகத் தப்பி, உறங்கிக்கொண்டிருந்த சிறுவர் இருவரைக் கொன்றது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939இல், குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்து நச்சுப் பாம்புகள் வெளியேறக்கூடும் என்ற அச்சத்தால் இலண்டன் விலங்கியல் பூங்காவில் அவை கொல்லப்பட்டன.

தப்பிய பாம்புகளும் வேண்டுமென்றே விடப்பட்ட பாம்புகளும் சூழலையும் கெடுக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள எவர்கிளேட்சு சதுப்பு நிலத்தில் பருமா மலைப்பாம்பு பெருகி அங்குள்ள பாலூட்டிகளைப் பெரிதும் குறைத்துவிட்டது. அப்பாம்பை அந்நாட்டில் இறக்குமதி செய்வது 2012இல் தடை செய்யப்பட்டது. எசுப்பானியாவின் கிரான் கனேரியா தீவில் 1998 முதல் காணப்படும் கலிபோர்னிய அரசப்பாம்பு, அத்தீவுக்கே உரிய பல்லியினங்களை அழித்து வருகிறது. மிகப் பெரிதாக வளரும் இனத்தைச் சிறு கூண்டுடன் வாங்கி, பின்னர் அதற்கேற்ற கூண்டைத் தர இயலாமல் வெளியில் விடுவது இத்தகைய பரவலுக்கு ஒரு காரணமாகும்.

இழுப்பறை அடுக்கு குறித்த விவாதம்

விற்பனைக்காகப் பாம்புகளைப் பெருக்குவோர், தட்டையான நெகிழிப் பெட்டிகளை இழுப்பறைகள் போல அடுக்கிய அமைப்பைப் பயன்படுத்துகின்றனர். குறைந்த இடத்தில் பல பாம்புகளை வைக்கலாம் என்பதும், வெப்பத்தையும் ஈரத்தையும் சீராகக் காக்கலாம் என்பதும் இதன் நன்மைகள். இருண்ட நெருக்கமான இடத்தில் பாம்புகள் நன்கு இரையுண்டு இனம்பெருக்குவதால் இது அவற்றுக்கு ஏற்றதே என்று ஆதரவாளர்கள் கூறுகின்றனர். உண்பதும் இனம்பெருக்குவதும் மட்டும் நல்வாழ்வின் சான்றாகா என்றும், நீளவும் ஏறவும் வெயிற்காயவும் இவ்வமைப்பில் வழியில்லை என்றும் எதிர்ப்போர் வாதிடுகின்றனர். நெருக்கமான மறைவிடம் தேவை என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அம்மறைவிடம் கூண்டின் ஒரு பகுதியாக இருக்க வேண்டுமா, அல்லது அதுவே கூண்டாக இருக்கலாமா என்பதே விவாதப்பொருள்.

சட்டநிலை

இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உள்நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வைத்து வளர்ப்பதும் குற்றமாகும். மலைப்பாம்பு, நாகம், சாரை ஆகியனவும் இதில் அடங்கும். பாம்பாட்டிகளின் தொழில் இச்சட்டத்தால் பெரிதும் நலிந்தது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பந்து மலைப்பாம்பு இத்தகைய பட்டியலில் உள்ள இனமாகும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து இப்பாம்புகள் பலமுறை கைப்பற்றப்பட்டுள்ளன.

பிரித்தானியாவில் நச்சுப் பாம்புகளை வளர்க்க, இடர்மிகு காட்டு விலங்குகள் சட்டம், 1976இன்படி உரிமம் தேவை. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள விலங்கு நலச் சட்டம், 2006, வளர்ப்பு விலங்குக்குத் தகுந்த சூழலையும் இயல்பான நடத்தைகளை வெளிப்படுத்தும் வாய்ப்பையும் வழங்குவதை வளர்ப்போரின் கடமையாக்கியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* பாம்பு
* சோளப் பாம்பு
* பந்து மலைப்பாம்பு
* சட்டை உரித்தல்
* புறவெப்ப விலங்கு
* இருளர்
* ஆக்கிரமிப்பு இனம்